கழற்ற முடியாத கண்

மெரினாவில் காலை ஆறு மணிக்கு எடுத்த படம் அது. வானத்தின் வலது மேல் மூலையில் ஒரு சாம்பல் பொட்டு. காக்கை என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே பொட்டு. போன மாதம் மாமல்லபுரத்தில் எடுத்ததைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் இருந்தது, சற்று மங்கலாக. எந்தக் காக்கையும் இரண்டு ஊர்களில் ஒரே மூலையில் ஒரு மாதம் பறந்துகொண்டிருக்காது.

சென்சார்மேல் தூசி விழுந்திருந்தது. லென்ஸைக் கழற்றக்கூடிய கேமரா என்றால் ஐந்து நிமிட வேலை. லென்ஸைத் திருகி எடுத்து, கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் நாலு தடவை ஊதினால் பெரும்பாலும் போய்விடும். என்னுடையது சட்டைப்பைக்குள் போகும் சின்னக் கேமரா. அதன் லென்ஸ் உடம்போடு சேர்ந்தே பிறந்தது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், லென்ஸ் யூனிட்டையே பிரிக்கணும். பிரிச்சா திரும்ப அலைன்மென்ட் பார்க்கணும்" என்றார். ஒரு தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார். கேமரா விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிக்கு.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அதே கேமராவைத்தான் தினமும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அதனால் இனி வருவதைக் கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வகைக் கேமராவில் மனம் போவதற்குக் காரணம் இருக்கிறது. ரிகோ நிறுவனத்தின் ஜிஆர் 3 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். சுவிட்சை அழுத்தி ஒரு நொடி முடிவதற்குள் படம் எடுக்கத் தயார். பார்வைக்கோணம் ஒன்றே ஒன்று, 28 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம். ஜூம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதன் சத்தம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கேட்காது. பெரிய கேமராவைத் தூக்கினால் முதுகை நிமிர்த்தி, தலையைக் கோதி, முகத்தை இறுக்கிக்கொள்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா இந்த ஜிஆர் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பல ஆண்டுகளாக டோக்கியோ தெருக்களில் நடந்தார்.

ஃபூஜிஃபில்ம் 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் எக்ஸ்100 என்ற கேமராவைக் காட்டியது. பழைய ஃபிலிம் கேமராவின் முகம், கழற்ற முடியாத 23 மி.மீ. லென்ஸ். அந்த வரிசையில் ஆறாவது, எக்ஸ்100 VI, 2024 பிப்ரவரியில் வந்தது. நான்கு கோடி பிக்சல். அப்போது அமெரிக்காவில் 1,599 டாலர், நம் ஊரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதற்கும் ஆள்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதற்கு முந்தைய மாடல் தட்டுப்பாடான காலத்தில், பழையது புதியதன் விலையைத் தாண்டி விற்றது.

லென்ஸையும் சென்சாரையும் பிரிக்காமல் வைப்பதில் பொறியியல் லாபம் உண்டு. இந்த லென்ஸ் இந்தச் சென்சாருக்கு என்று அளந்து செய்கிறார்கள். கழற்றி மாட்டும் வளையமும் அதற்கான இடைவெளியும் தேவையில்லை. லென்ஸின் பின் கண்ணாடி சென்சாரை ஒட்டி உட்காரலாம். கேமரா இவ்வளவு தட்டையாக இருந்தும் ஓரம் வரை படம் கூர்மையாக வருவது அதனால்தான். லென்ஸ், ஷட்டர், அபெர்ச்சர், சென்சார் நான்கும் ஒரே குடும்பமாக ஒரே அறையில் குடியிருக்கின்றன. அதில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் நான்கையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் விஷயம்.

2011இல் விற்பனைக்கு வந்த முதல் எக்ஸ்100 கேமராக்களில் சிலவற்றுக்கு, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றன. படம் வெளுத்துப்போயிற்று. விரல் நகத்தைவிட மெல்லிய சில இதழ்கள் செய்த குறும்பு அது. வைத்தியமோ லென்ஸ் தொகுதியை மொத்தமாக மாற்றுவது. நிறுவனம் செய்து கொடுத்தது. வாரண்டி முடிந்து எட்டு வருடம் கழித்து அதே இதழ்கள் ஒட்டினால் யார் செய்து கொடுப்பார்கள் என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

அப்படி யோசிக்க ஒரு கணக்கு உதவும். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளியிடுகிறது. 2010இல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் பத்துக்கு ஒன்பது, லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராக்கள். 2023இல் அந்த வகை சுமார் 17 லட்சம். செல்பேசி சாப்பிட்டதுபோக மிச்சம் அவ்வளவுதான். கோனிகா மினோல்டா 2006இல் கேமரா தொழிலை விட்டது. கோடக் 2012இல் திவால் மனு போட்டு, டிஜிட்டல் கேமராவை நிறுத்தியது. காசியோ 2018இல் சின்னக் கேமராக்களுக்கு விடை கொடுத்தது. ஒலிம்பஸின் கேமரா பிரிவு 2021 பிறந்த அன்று வேறு கைக்குப் போனது. கடையில் பார்க்கும் பொருள் புத்தம் புதிதாக மின்னுகிறது. அதன் உதிரிபாகத்தைச் செய்கிற பட்டறைகளோ ஒவ்வொன்றாக விளக்கணைத்துக்கொண்டிருக்கின்றன.

*

முதலில் தூசி எப்படி உள்ளே போகிறது என்பது. சின்னக் கேமராக்களில் பலவற்றுக்கு, சுவிட்சைப் போட்டதும் லென்ஸ் குழல் நீண்டு வெளியே வரும். அணைத்ததும் உள்ளே போகும். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குழல் நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது, வெளிக்காற்று விளிம்புகள் வழியே இழுக்கப்படுகிறது. அதோடு சட்டைப்பையின் பஞ்சும், கடற்கரை மணலின் பொடியும், அகர்பத்திச் சாம்பலும் வரும். ஒரு நாளைக்கு முப்பது தடவை போட்டு அணைப்பவர் முப்பது தடவை துருத்தி ஊதுகிறார். ஜிஆர் 3 போன்றவற்றில் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு இருக்கிறது. காய்ந்த தூசியை உதறும். ஈரத்தோடு ஒட்டியதை உதறாது.

குழல் நீளாத கேமராக்களில் ஆபத்து குறைவுதான், இல்லாமல் இல்லை. எக்ஸ்100 வரிசையின் கடைசி இரண்டு மாடல்கள் தூசியையும் ஈரத்தையும் தாங்கும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லென்ஸின் முன்னால் அடாப்டர் வளையம் ஒன்றும், அதன்மேல் 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றும் மாட்டினால்தான் அந்தப் பேச்சு பொருந்தும். மாட்டாத வரையில் முன்வாசல் திறந்த வீடு. கேட்டில் மட்டும் பூட்டு.

வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். வெள்ளைச் சுவர் அல்லது மேகமில்லாத வானம். அபெர்ச்சரை எஃப் 16க்குக் கொண்டுபோய், ஃபோகஸைக் கலைத்துவிட்டு, கையை மெல்ல ஆட்டியபடியே ஒரு படம் எடுங்கள். சுவரின் கறைகள் ஆட்டத்தில் கரைந்துவிடும். சென்சார்மேல் இருப்பது மட்டும் பொட்டாக நிற்கும். எஃப் 2இல் எடுத்தால் இது தெரியாது. லென்ஸ் அகலத் திறந்திருக்கும்போது ஒளி பல பக்கமிருந்தும் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். துளை சிறுக்கச் சிறுக்க நிழல் கூர்மையாகும். இதனால்தான் இரவுக் காட்சிகளும் முகங்களும் மட்டும் எடுப்பவர்கள் வருடக்கணக்கில் தூசியோடு குடித்தனம் நடத்தியும் அறிவதில்லை.

லென்ஸின் முன் கண்ணாடியில் தெரியும் தூசி, கண்ணாடிகளுக்கு இடையே டார்ச் அடித்தால் தெரியும் ஓரிரு துகள்கள், இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். படத்தில் அவை பெரும்பாலும் தெரியாது. பழைய கேமரா வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே நாலு துகள் பார்த்துவிட்டுப் பேரத்தை முறிப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு.

லென்ஸ் வாயில் வாக்கும் கிளீனரை வைத்துத் தூசியை உறிஞ்சி எடுக்கும் காணொளிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பார்த்துச் சிரித்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செய்தேன். பொட்டு ஒரு சென்டிமீட்டர் இடம் மாறியது. சில நேரம் வெளியே வரும் என்பது உண்மைதான். உள்ளே இருந்ததை உறிஞ்சும் காற்று வேறு இடுக்கிலிருந்து புதிய தூசியைக் கொண்டுவரும் என்பதும் அதே அளவு உண்மை. அழுத்தக் காற்று டப்பாவை மட்டும் தொடவே வேண்டாம். சாய்த்து அடித்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்த சாரலாகப் பாய்ந்து கண்ணாடியில் கறையாக நிற்கும்.

இன்னொன்று, மணல். கேனானின் பவர்ஷாட், இக்ஸஸ் கேமராக்கள் வீடுதோறும் இருந்த காலத்தில், லென்ஸ் பாதி நீண்டு நின்றுவிட்டால் திரையில் 'இ18' என்று ஒரு குறி வரும். உலகம் முழுக்க அந்தக் குறிக்குப் பயந்தார்கள். பல் சக்கரத்தில் ஒரு மணல் சிக்கினாலும் போதும், குழல் முன்னேயும் போகாது பின்னேயும் போகாது. கடற்கரையில் குழந்தை கையில் கேமராவைக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

*

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இருபது வருடம் பழசான ஒரு வெள்ளிநிறக் கேமராவை இணையத்தில் யாரிடமோ நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிவந்து காட்டினாள். "அங்கிள், இது சிசிடி. இப்ப வர்ற கேமராவுல இந்தக் கலர் வராது." நாங்கள் பரண்மேல் போட்டதெல்லாம் இவர்கள் கழுத்தில் தொங்குகிறது. படங்கள் அழகாகத்தான் இருந்தன. அந்த நிறம் சிசிடி என்ற பழைய வகைச் சென்சாரால் வந்ததைவிட, அக்காலத்துக் கேமராவின் உள்மென்பொருளாலும் முகத்தில் அறையும் அந்தக் குட்டி ஃபிளாஷாலும் வந்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்லி அவள் மகிழ்ச்சியைக் கெடுக்கவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

2005 அக்டோபரில் சோனி ஒரு குறையை ஒப்புக்கொண்டது. அது செய்து விற்ற சில சிசிடி சென்சார்களில், சிப்பையும் வெளியுலகையும் இணைக்கும் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் விட்டுப்போகக்கூடும் என்று. அந்தக் காலத்தில் பாதி உலகத்துக்குச் சென்சார் விற்றது சோனிதான். அதனால் கேனான், நிகான், ஃபூஜிஃபில்ம், ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா, ரிகோ என்று போட்டி நிறுவனங்களும் ஒவ்வொன்றாக மாடல் பட்டியல் வெளியிட்டு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. பெரும்பாலும் 2002 கடைசி முதல் 2004 தொடக்கம் வரை செய்யப்பட்ட சென்சார்கள்.

நம் கவனத்துக்கு உரியது அந்த அறிவிப்புகளில் இருந்த ஒரு குறிப்பு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம் என்றார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று ஊர்ப்பெயர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அறிகுறி எளிது. படமெடுக்கும் நிலையில் திரை கறுத்துப்போகும், அல்லது ஊதா நிறம் ஏறிக் கோடுகோடாக நெளியும். பழைய படங்களைப் போட்டுப் பார்த்தால் அவை ஒழுங்காகத் தெரியும். திரை நன்றாக இருக்கிறது, கண் போய்விட்டது என்று அர்த்தம். இலவச மாற்று எப்போதோ முடிந்தது. அந்தச் சென்சார்களும் இப்போது யாரிடமும் இல்லை. இருபது வருடம் கோளாறு வராமல் தப்பிய கேமரா இனிமேலும் தப்பலாம். மலைப்பிரதேசத்தில் அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கேமரா, கடலோர ஊருக்கு விற்கப்பட்டு வந்த முதல் சித்திரையிலேயே கண்ணை மூடவும் செய்யலாம். விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவளுக்கு நான் சொன்ன இரண்டாவது விஷயம்தான் முக்கியம். கெட்டுப்போனால் யூடியூபைப் பார்த்து நீயாகத் திறக்காதே. ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவுக்குள்ளும் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. சுண்டுவிரல் பருமன். ஃபிளாஷ் மின்ன வேண்டிய சக்தியை அதுதான் சேர்த்துவைக்கும், சுமார் 300 வோல்ட்டில். பேட்டரியை எடுத்தபிறகும் அந்த மின்சாரம் அங்கேயே காத்திருக்கும். நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கும் விரல், பெரும்பாலும் முதலில் தொடுவது அதன் முனைகளைத்தான். தொழில் தெரிந்தவர்கள் அதை முதலில் வடித்துவிட்டுத்தான் வேறெதையும் தொடுவார்கள்.

பழைய கேமராவில் வேறு தொல்லைகளும் உண்டு. அவை உயிரை வாங்காது, காசை வாங்கும். 2006க்கு முந்தைய கேமராக்களில் பல, 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டைப் படிக்காது. கடையில் இப்போது 32 ஜிபிக்குக் கீழே கேட்டால் சிரிக்கிறார்கள். ஃபூஜியும் ஒலிம்பஸும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு இன்று புதிதாகச் செய்யப்படுவதே இல்லை. தேதியை நினைவில் வைத்திருக்கும் உள் பேட்டரி செத்திருக்கும். அந்தப் பெண் எடுத்த படங்களெல்லாம் அவள் பிறப்பதற்கு முந்தைய ஒரு ஜனவரி 1ஆம் தேதியில் எடுக்கப்பட்டவையாகக் கணினியில் வரிசை கட்டி நிற்கின்றன.

*

ஈரத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் கேமரா சாவது பெரும்பாலும் விழுந்து அல்ல, பூத்து.

பூஞ்சைக்குத் தேவை மூன்று: இருட்டு, அசையாத காற்று, ஈரம். மழைக்காலம் முழுக்கத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தால் மூன்றும் கிடைத்துவிடும். காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் போதும், கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்போலக் கிளைவிட்டுப் பரவும். கடலோர ஊர்களில் அந்த எண் வருடத்தில் பெரும்பகுதி வெறும் சாதாரண நாள். பூஞ்சை வெளியிடும் அமிலம் லென்ஸ் பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்தாலும் அதன் தடம் போகாது. கழற்றும் லென்ஸில் இது வந்தால் அந்த லென்ஸோடு போயிற்று. இங்கே பூத்தால் கேமராவே பூத்தது.

தடுப்பு மலிவானது. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. சிலிகா ஜெல்லை வாங்கிப் போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும். அரிசிக்குள் புதைப்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட வைத்தியம். அரிசிமாவு லென்ஸ் குழலுக்குள் போவதைத் தவிர அதில் விசேஷம் எதுவும் நடக்காது. இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து கேமராவை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது. வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டே இருக்கும் கேமராவில் பூஞ்சை குடியேறுவது அபூர்வம்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போவதிலும் கவனம் வேண்டும். 22 டிகிரியில் இரவு முழுக்கக் குளிர்ந்த கேமராவைக் காலையில் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வேர்க்கிறது. 25 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீராகப் படியும் அளவுக்கு ஈரமான காற்று சென்னையில் பல மாதங்கள் வீசுகிறது. முன் கண்ணாடியில் வேர்த்ததைத் துடைத்துவிடலாம். குழல் நீண்டு, துருத்தி இழுத்து, உள் கண்ணாடியில் வேர்த்ததைத் துடைக்க வழியில்லை. தூசி சென்சாரில் ஒட்டிக்கொள்வதும் இந்த நேரத்தில்தான். அறையிலேயே ஜிப் உறைக்குள் போட்டு மூடி, வெளியே போய் அரை மணி நேரம் பொறுத்துப் பிரித்தால் நீர் உறையின்மேல் படியும், கேமரா தப்பும். சூரியோதயம் காத்திருக்காது என்பது தெரியும். அப்படிப்பட்ட நாளில் முந்தின இரவே கேமராவைக் கூடத்து மேசையில் வைத்துவிடுவேன்.

*

கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் இப்போது லேசர் விளக்கு இல்லாமல் பாட்டு இல்லை. பச்சைக் கதிர் கூட்டத்தின்மேல் விசிறியடிக்கிறது. அந்தக் கதிர் ஒரு கணம் நேரே லென்ஸுக்குள் விழுந்தால், லென்ஸ் அதைக் குவித்துச் சென்சாரின் ஒரே புள்ளியில் இறக்கும். புள்ளி செத்துப்போகும், அதோடு சில சமயம் ஒரு முழு வரியும், படத்தின் மேலிருந்து கீழ் வரை கோடாக. லேசர் காட்சி நடத்துகிறவர்களின் சர்வதேசச் சங்கமே கேமராக்காரர்களுக்கு இதை எச்சரிக்கையாகச் சொல்லிவைத்திருக்கிறது. திரையில் காட்சி தெரிய வேண்டுமென்பதற்காக, இந்தக் கேமராக்களில் சுவிட்ச் போட்ட நேரமெல்லாம் ஷட்டர் திறந்தே இருக்கிறது. படம் எடுத்தால்தான் ஆபத்து என்பதில்லை. கழுத்தில் மாட்டி, இயங்கும் நிலையில், மேடையைப் பார்த்து நின்றாலே போதும். ஷட்டர் முதலில் வாங்கி முதலில் சாகும் என்ற பழைய ஃபிலிம் காலத்துத் தைரியம் இங்கே செல்லாது.

2019இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஒருவர், தானியங்கிக் காரின் கூரையில் இருந்த லேசர் அளவியைக் கேமராவால் படமெடுத்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஊதாப் புள்ளிகளும் கோடுகளும். அந்த லேசர் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்காது என்று சான்று பெற்றது. சென்சாருக்கு அந்தச் சான்று பொருந்தவில்லை. அவருடைய கேமராவின் லென்ஸாவது கழற்றி வேறு உடம்பில் மாட்டத் தகுந்தது.

சூரியன் அவ்வளவு பயங்கரமில்லை. உதயமும் அஸ்தமனமும் தாராளமாக எடுக்கலாம். உச்சி வெயிலில், அகலத் திறந்த லென்ஸை, முக்காலியில் நிறுத்திச் சூரியனையே பார்க்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் தவறு. கண்ணால் பார்க்கும் ஆப்டிக்கல் வ்யூஃபைண்டர் உள்ள கேமராவில் சூரியனை நோக்கினால் போவது சென்சார் அல்ல, உங்கள் கண்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. கேமரா சிறியது என்பதால் பேட்டரியும் சிறியது. ஜிஆர் 3 ஒரு சார்ஜில் சுமார் 200 படம். எல்லோரும் இரண்டாவது பேட்டரி வாங்குகிறார்கள், பெரும்பாலும் விலை பார்த்து. லித்தியம் பேட்டரி வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தாலும், முழு சார்ஜோடு மாதக்கணக்கில் தூங்கினாலும் உப்பும். இந்தக் கேமராக்களின் பேட்டரி அறை மயிரிழை அளவுக்கு இறுக்கம். உப்பிய பேட்டரி உள்ளே சிக்கிக்கொண்டால் வராது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். விமானத்தில் உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், கீழே அனுப்பும் பெட்டியில் அல்ல.

மெமரி கார்டு துளை இவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய கேமராக்களில் உள்ளதுபோல, எடுத்த கணமே இரண்டாவது கார்டில் நகல் விழாது. சந்தையிலோ, 512 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 16 ஜிபி வைத்த போலிகள் தாராளம். அவை நிரம்பிவிட்டது என்று சொல்லாது. பழைய படத்தின்மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், கேமராவுக்கும் தெரியாது. புதுக் கார்டு வாங்கியதும் கணினியில் அதை விளிம்பு வரை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓர் இரவு பிடிக்கும் வேலை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சொந்த கார்டைக் கொண்டுபோங்கள். லென்ஸைப் பத்துத் தடவை நீட்டி மடக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. எஃப் 16இல் சுவரை ஒரு படம், மூடியைப் போட்டுக்கொண்டு பத்து விநாடி ஷட்டரில் ஒரு படம். முதலாவதில் கறுப்புப் பொட்டும், இரண்டாவதில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளின் கூட்டமும் வந்தால் விலை பேசுவதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால், வாரண்டி இங்கே செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் ஒரே ஒரு கேள்வி: இந்த மாடலுக்கு லென்ஸ் யூனிட் என்ன விலை? அந்தத் தொகையைக் கேமரா விலையோடு கூட்டி வருகிறதே, அதுதான் நீங்கள் வாங்கப்போகும் பொருளின் விலை.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேமரா இதை எழுதும்வரை நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடையது டிபன் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மேசைமேல் இருக்கிறது. மீட்டர் 46 காட்டுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கூடத்துச் சுவரை ஒரு படம் எடுத்துவைக்கிறேன். இன்று எடுத்ததைப் போன மாதத்துப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். மூலைப் பொட்டு அப்படியே இருக்கிறது. இடது பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே, புதிதாக ஒன்று வந்திருக்கிறது.